பத்துப் பேருக்கான அடுப்பு

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காதுக்குப் புது மெஷின் வாங்கினாயா, இல்லை "எனக்குக் கேட்டு என்ன ஆகப்போகுது" என்று தள்ளிப்போட்டுவிட்டாயா? போன தடவை டெலிபோனில் நான் பத்து நிமிஷம் கத்தியதற்கு நீ "சரி, நல்லா சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் கேட்டது உன் ரத்த அழுத்தத்தைப் பற்றி. அதனால் திரும்பவும் பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடத்தில் என்னோடு பதினான்கு வருஷம் லென்ஸ் தேய்த்த ஒருவர் மாற்றலாகிப் போனார். போகும்போது தன்னுடைய காஸ் பார்பிக்யூ அடுப்பை என் தலையில் கட்டிவிட்டார். "பத்துப் பேருக்குத் தாராளமா சுடலாம், வச்சுக்கோங்க" என்றார். இப்போது அது பின்வாசலில் சக்கரத்தோடு நிற்கிறது. மூடி போட்ட பெரிய பெட்டி, உள்ளே மூன்று பர்னர், மேலே கம்பி வலை, பக்கத்தில் சிலிண்டர். ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தேன், கிழவன் கழுத்து மாதிரி சுருக்கம் விடுகிறது. இரண்டு வருஷமாக யாரும் பற்றவைக்கவில்லையாம். எனக்கு உள்ளூரப் பயம். முப்பத்தோரு வருஷமாக அடுப்புப் பட்டறையில் இருப்பவள் நீ. உன்னைக் கேட்காமல் தீக்குச்சி கிழிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்து ஆட்களைக் கூப்பிடலாம் என்று திட்டம். உன் தம்பி பெண்டாட்டிக்கு இந்த வாரம் வேலை அதிகம். வழக்கமாகக் கீழே எழுதும் இரண்டு வரிக்குக்கூட நேரமில்லை. அன்பைச் சொல்லச் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

ஏப்ரல் 19

என் அருமைத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் இருக்கிறது, காது இல்லை. மெஷின் வாங்கவில்லை. பட்டறையில் கம்ப்ரஸர் ஓடும்போது காது கேட்காமலிருப்பது ஒரு வரம், உனக்கு அது புரியாது.

தீக்குச்சி கிழிக்க மாட்டேன் என்றாயே, அந்த மட்டும் புத்தி இருக்கிறது. இப்போது காதைக் கொடுத்துக் கேள். உனக்காவது அது வேலை செய்கிறது.

முதலில் அந்தக் குழாயைக் கழற்றிக் குப்பையில் போடு. தடவிப் பார்த்து "இன்னும் ஒரு வருஷம் வரும்" என்று சொல்லாதே. நீ சொல்லுவாய், எனக்குத் தெரியும். புதுக் குழாயும் ரெகுலேட்டரும் வாங்கி மாட்டு. மாட்டியதும் பர்னர் திருகு எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, சிலிண்டரை மட்டும் மெதுவாகத் திற. சோப்புத் தண்ணீரை நன்றாக நுரைத்து இணைப்பு எல்லாவற்றிலும் தடவு. எங்காவது குமிழ் கிளம்பி முட்டை விட்டால் கசிகிறது என்று அர்த்தம். உடனே சிலிண்டரை மூடு. நெருப்பைக் காட்டிக் கசிவு தேடுகிற அறிவாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஹோட்டல் சமையல்காரர் அப்படித் தேடி, புருவம் இல்லாமல் என் முன்னால் வந்து நின்றார். "கசிவு இருந்துச்சா?" என்று கேட்டேன். "இருந்துச்சு" என்றார், ரொம்ப அடக்கமாக.

இரண்டு வருஷம் சும்மா நின்ற அடுப்பென்றால் பர்னர் குழலுக்குள் சிலந்தி குடித்தனம் நடத்தும். கழற்றி நீளமான பிரஷ் விட்டுத் துடை. இல்லாவிட்டால் தீ முன்னால் போகாமல் பின்னால் திரும்பும். பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும். நாலைந்து வினாடியில் பற்றவில்லையா, எல்லாவற்றையும் மூடிவிட்டு ஐந்து நிமிஷம் நின்று வேடிக்கை பார். இந்தக் காஸ் காற்றைவிடக் கனம். போகாமல் அடியில் தேங்கிக் கிடக்கும். சுவர், மரவேலி, துணிக்கொடி எதற்கும் பக்கத்தில் அடுப்பை வைக்காதே.

அவள் கையெழுத்தைப் பார்த்து நாளாகிறது. உன் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். கடைசியில் அவளுடைய இரண்டு வரி வந்தால்தான் என் கண்ணுக்கு ஓய்வு. அடுத்த தடவை எழுதச் சொல்.

உன் அக்கா

மே 8

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்து மகிழ்ச்சி. நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

சொன்னதெல்லாம் செய்தேன். குழாயை வெட்டி எறிந்தேன் (ஒரு வருஷம் வரும் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை). சோப்பு போட்டதில் ரெகுலேட்டர் பக்கம் இரண்டு முட்டை விட்டது. இறுக்கி மறுபடி தடவினேன், நின்றது. நடுப் பர்னரில் நீ சொன்ன குடித்தனம் இருந்தது. வெள்ளையாக, பஞ்சு மாதிரி. முதலில் தீ மஞ்சளாக வந்தது, துடைத்த பிறகு நீலம். அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். எதுவும் சுடவில்லை, சும்மா.

போன ஞாயிறு முதல் விருந்து. சரியாகப் பத்துப் பேர். ஃபிரேம் மாட்டுபவர் ஒருவர் இருக்கிறார், சோடாபுட்டி என்று கூப்பிடுவோம், ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டுத் தனக்கு அரை அங்குலத்துக்கு லென்ஸ். அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு வந்தார். ரசீது எழுதும் அம்மா தன் அண்ணனைக் கூட்டிவந்தார். கோழித் துண்டு, சோளம், வெங்காயம். ஒரே சிரிப்பு. கிளம்ப மனசில்லாமல் கிளம்பினார்கள். பாத்திரம் கழுவி முடித்தபோது அவள் "அடுத்த வாரமும் கூப்பிடலாம்" என்றாள்.

இந்தத் தடவையும் அவள் வெளியே போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். தபால் வண்டி போய்விடும். மன்னித்துக்கொள்.

உன் தம்பி

மே 24

தம்பிக்கு,

அன்பும் ஆசியும். என் நலத்துக்குக் குறைவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனதில் மாடிப்படி முழுக்க என் ராஜ்ஜியம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ எப்போதடா இவ்வளவு கலகலப்பானவன் ஆனாய்? கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டு என் முந்தானைக்குப் பின்னால் நின்றவன் நீ. நல்லது. பத்துப் பேர் உன் வீட்டில் சிரித்தார்கள் என்பது எனக்கு மருந்து மாதிரி இருந்தது.

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. அடியில் கொழுப்பு வடியும் தட்டு ஒன்று இருக்கும். ஒவ்வொரு தடவையும் காலி செய். பத்துப் பேருக்குச் சுட்டால் அது சீக்கிரம் நிறையும். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதே, தீ துள்ளும். காஸை மூடு, அடுப்பு மூடியையும் மூடு. முடித்து அணைக்கும்போது முதலில் சிலிண்டர், குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தீர்ந்ததும் பர்னர் திருகு.

சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய ஒரு வழி. பக்கவாட்டில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, கையால் மேலிருந்து கீழே தடவு. எங்கே சில்லென்று ஆரம்பிக்கிறதோ அதுவரை காஸ். நடுவிருந்தில் தீர்ந்து அசடு வழியாமல் இருக்கலாம்.

ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அவளும் அதில் இருக்கட்டும்.

உன் அக்கா

ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்கா,

இவ்வளவு தாமதத்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வேலை. பள்ளிக்கூடம் திறக்கும் பருவத்தில் குழந்தைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கண் மங்கிவிடுகிறது. இரண்டு பேரும் சுகம். உன் உடம்பு எப்படி?

ஞாயிறு விருந்து தவறாமல் நடக்கிறது. பெயர் பரவி, கூப்பிடாதவர்களும் வருகிறார்கள். சோடாபுட்டியின் சின்னப் பெண் எங்கள் வீட்டுச் சோளத்தைத் தவிர வேறு சோளம் தொடமாட்டேன் என்கிறாளாம்.

தட்டு சுத்தமாகவே இருக்கிறது, கவலைப்படாதே. நீ சொன்ன வெந்நீர் வித்தையை நேற்றுச் செய்து பார்த்தேன். ஆச்சரியம்! சரியாக நடுவில் சில்லென்றது. இன்னும் பாதி சிலிண்டர் இருக்கிறது. அந்த மனிதர் புதுச் சிலிண்டரோடுதான் கொடுத்தார், நல்ல மனசு. நான் எவ்வளவு சிக்கனமாகச் சமைக்கிறேன் என்று உன் முதலாளியிடம் சொல்.

கேமரா பழுது. போட்டோ பிறகு அனுப்புகிறேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 13

தம்பி,

சுகமாக இரு. நான் சுகம்.

நேராகவே கேட்கிறேன். மே முதல் வாரம் தொடங்கி ஜூலை கடைசி வரை பதின்மூன்று ஞாயிறு. பத்துப் பேருக்கு மேல் சாப்பாடு. மூன்று பர்னரும் இரண்டு மணி நேரமாவது எரிய வேண்டும். அந்த அடுப்போடு வரும் சிலிண்டர் ஜூன் மாதத்திலேயே வாயைப் பிளந்திருக்கும், இப்போது நீ மூன்றாவதில் இருக்க வேண்டும். உன்னிடம் முதல் சிலிண்டரே பாதி இருக்கிறது. கொழுப்புத் தட்டும் சுத்தமாக இருக்கிறது. முப்பத்தோரு வருஷம் இந்த வேலையைப் பார்த்தவளிடம் சிலிண்டரைப் பற்றிக் கதை விடாதே. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஒரே ஒரு பர்னர், அதுவும் சின்னத் தீயில், வாரத்துக்கு ஒரு மணி நேரம். என் கணக்கு அதுதான் சொல்கிறது. அது பத்துப் பேருக்கான தீ இல்லை. இரண்டு பேருக்குக்கூட இல்லை.

யார் வருகிறார்கள் உன் வீட்டுக்கு? அவள் எங்கே?

உன் அக்கா

அக்டோபர் 3

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. அதனால்தான் பதில் எழுதக் கை வரவில்லை. சிலிண்டரை நிறுத்துப் பார்த்து ஒருவன் குடும்பத்தை எடைபோட முடியுமா? இந்த ஊர்க் காஸ் வேறு, அடுப்பு வேறு. இங்கே எல்லோரும் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறார்கள். அதோடு விடு.

இங்கே மழை பிடித்துக்கொண்டது, குளிரும் சேர்ந்துவிட்டது. வெளியே காற்றில் தீ நிற்பதில்லை. அதனால் அடுப்பைக் கார் ஷெட்டுக்குள் தள்ளிவிட்டேன். கார்தான் இப்போது இல்லையே, இடம் சும்மா கிடக்கிறது. ஷட்டரை ஒரு சாண் தூக்கி வைக்கிறேன், புகை போய்விடும். உள்ளே நல்ல கதகதப்பு. ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. சில ஞாயிறு சாப்பிட்டு முடித்து அங்கேயே கண்ணயர்ந்துவிடுகிறேன். அடுப்பைச் சின்னதாக எரியவிட்டால் போதும்.

உடம்பைப் பற்றிக் கேட்பாய். ஞாயிறு சாயங்காலம் மட்டும் ஒரு தலைவலி, லேசாகக் குமட்டல். திங்கள் காலை நடந்து வேலைக்குப் போனால் சரியாகிவிடுகிறது. கண் பார்வையைச் சோதித்துக்கொள் என்கிறார்கள். லென்ஸ் தேய்க்கிறவனுக்கே லென்ஸ்! வயசாகிறது, வேறென்ன.

உன் தம்பி

அக்டோபர் 13

அடுப்பை வெளியே தள்ளு. இதைப் பிறகு படி.

தள்ளிவிட்டாயா? சரி. அது வயசு இல்லை, கண் இல்லை. மூடின இடத்தில் எரியும் தீ அங்கிருக்கிற நல்ல காற்றைத் தின்றுவிட்டு விஷத்தைக் கக்கும். காஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், அதற்காகவே நாற்றம் சேர்த்து அனுப்புகிறார்கள். இந்த விஷத்துக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தீ நீலமாக இருந்தாலும் வரும். ஒரு சாண் ஷட்டர் எதற்கும் போதாது. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்தைத்தான் நீ கதகதப்பு என்று எழுதியிருக்கிறாய். வெளியே நடந்தால் சரியாகிறது என்றாயே, அது ஒன்றே போதும் எனக்கு.

முதலாளியை விட்டு உனக்கு போன் செய்யச் சொன்னேன். நான் பக்கத்தில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். "அடுப்பு வெளியதான் இருக்குன்னு அக்காகிட்ட சொல்லுங்க. வீட்ல ஆளுங்க வந்திருக்காங்க, அப்புறம் பேசறேன்." அதற்குக் கீழே அவராகவே ஒரு வரி எழுதினார். "பின்னால ஒரு சத்தமும் இல்லக்கா."

பொய் சொல். எவ்வளவு வேண்டுமானாலும் சொல், நான் இனிமேல் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். அடுப்பை மட்டும் வெளியே வை. டாக்டரிடம் போ, மூடின ஷெட்டில் காஸ் எரித்தேன் என்று வாயைத் திறந்து சொல்.

அக்கா

அக்டோபர் 26

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். உங்கள் உடல்நலத்தை விசாரிக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன்.

முதலில் ஒன்று: அவர் உயிரோடு இருக்கிறார், பேசுகிறார். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டுக்குள் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கருகல் வாடை வருகிறதே என்று வந்து பார்த்து, ஷட்டரைத் தூக்கி, வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கொஞ்ச நாள் மறதி இருக்கும் என்கிறார்கள், கை நடுக்கமும் இருக்கிறது. லென்ஸ் வேலைக்கு உடனே போக முடியாது. உங்கள் கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. நான்தான் பிரித்தேன், மன்னியுங்கள்.

நான் ஜனவரியிலேயே அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன், அண்ணி. காரையும் நான்தான் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு அவர் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், நாள் முழுக்க ஒரு வார்த்தை இல்லாமல் பல வருஷம் ஓடிவிட்டது. என்னால் அதற்கு மேல் முடியவில்லை. ஆஸ்பத்திரி அட்டையில் இன்னும் என் நம்பர்தான் இருக்கிறது, அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஏப்ரலில் ஒரு நாள் அவர் என் வேலையிடத்துக்கே வந்தார். "அக்காவுக்கு ரெண்டு வரி மட்டும் எழுதிக் குடு, வேற ஒண்ணும் கேக்கல" என்றார். நான் மறுத்துவிட்டேன். பொய்யில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது அதுதான் குத்துகிறது.

ஷெட்டைச் சுத்தம் செய்தேன். அடுப்பில் ஒரு கோழித் துண்டு கரியாகிக் கிடந்தது. ஒரே ஒரு துண்டு.

அவர் எழுந்து நடக்கும் வரை இருப்பேன். பிறகு போய்விடுவேன். நீங்கள் எதையாவது ஏற்பாடு செய்து இதை மாற்றப் பார்க்காதீர்கள். கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

நவம்பர் 15

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். எழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருக்கும். கை நடுங்குகிறது. கோழிக்கே நடுக்கம் வந்தால் எப்படியிருக்கும், பார்த்துக்கொள்.

அவள் உனக்கு எழுதிவிட்டதாகச் சொன்னாள். நேற்றுக் கிளம்பிப் போனாள். குளிர்பெட்டியில் நாலு நாளைக்குச் சமைத்து வைத்திருக்கிறாள். வாசலில் "உடம்பைப் பாத்துக்குங்க" என்றாள். "சரி" என்றேன். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேசியிருக்கலாம். அப்போதும் "சரி"தான் வந்தது.

சோடாபுட்டி என்று ஒருவர் நிஜமாகவே உண்டு. ஒரு தடவை கூப்பிட்டேன். "பாக்கறேன்" என்றார். மறுபடி கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவருக்குப் பெண் குழந்தைகள் இருக்கிறார்களா என்றே எனக்குத் தெரியாது. அந்தச் சோளம் தின்னும் பெண்ணை நான்தான் உண்டாக்கினேன். எழுத எழுத அவள்மேல் பிரியம் வந்துவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் அடுப்பைப் பற்றவைத்தேன், அது மட்டும் உண்மை. அவள் போன பிறகு மற்ற நாளெல்லாம் எப்படியோ போயிற்று, ஞாயிறு மட்டும் நகரவில்லை. அடுப்பென்றால் துடைக்க வேண்டும், சோப்பு தடவ வேண்டும், உனக்கு எழுத வேண்டும். ஒரு பொழுது ஓடிவிடும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு யாரும் வரலையா?" என்று கேட்பார். கெட்ட எண்ணத்தில் இல்லை, அன்பாகத்தான் கேட்பார். நான் "இனிமேதான் வருவாங்க" என்பேன். பிறகு அவர் உள்ளே போகிறவரை சாப்பிட முடியாது. ஆறிப்போய்விடும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தது போதும். அடுப்பை உள்ளே தள்ளியது மழைக்காக இல்லை. உன் ஆகஸ்ட் கடிதம் வந்த வாரம் தள்ளினேன். "இரண்டு பேருக்குக்கூட இல்லை" என்று எழுதியிருந்தாய். அவ்வளவு தூரத்திலிருந்து உனக்கே தெரிந்துவிட்டது என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாதா என்று தோன்றியது. ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். உன்மேல் தப்பு என்று சொல்லவில்லை, அக்கா. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீ எழுதியதெல்லாம் பத்துப் பேருக்கு. ஒரு ஆளுக்கு எப்படிப் பற்றவைப்பது?

உன் தம்பி

நவம்பர் 28

என் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். என் பிரார்த்தனை, கட்டளை எல்லாம் அதுதான்.

உன் கடிதத்தைப் பட்டறையில் பிரித்தேன். படித்துவிட்டு அழுதேன். எனக்குக் காது கேட்காததால் எவ்வளவு சத்தமாக அழுதேன் என்று தெரியவில்லை. முதலாளி கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார் என்றால் நீயே புரிந்துகொள்.

தப்பு என்மேல்தான். இல்லை என்று எழுதாதே. கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது, அதுதான் உண்மை. பார்த்தாயா, என்னை ஏமாற்ற முடியுமா என்று. தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாயே ராஜா என்று எழுத வேண்டிய இடத்தில் கெட்டிக்காரத்தனத்தை எழுதிவிட்டேன்.

எனக்கு அதைப் பற்றித் தெரியாதா என்ன? உன் அத்தான் போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். முதல் மூன்று வருஷம் நான் வீட்டில் சாப்பிட்டதே இல்லை. சாயங்காலம் பட்டறையில், சோதனைக்கு வந்த எவன் அடுப்பிலாவது ரெண்டு முட்டையைப் பொரித்து, நின்றபடியே விழுங்கிவிட்டுப் போவேன். வீட்டில் ஒற்றைத் தட்டு கழுவும் சத்தம் மாடிக்காரர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று பயம். உனக்கு எழுதும்போதெல்லாம் "வீடு நிறைய ஜனம்" என்று எழுதியிருப்பேன். நீ நம்பினாய். உன்னிடம் என் சிலிண்டர் இல்லை.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஒரு ஆளுக்கு ஓரத்து பர்னர் ஒன்று போதும், நடுவில் உள்ளது வேண்டாம். மூடியைத் திறந்து, சிலிண்டரைத் திறந்து, அந்த ஓரத்தை மட்டும் பற்றவை. பத்து நிமிஷம் கம்பி காயட்டும். துண்டை நேர்த் தீயில் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, தீ இல்லாத பக்கம் நகர்த்தி மூடியை மூடு. அவசரப்படாமல் வேகும், கருகாது. நடுக்கம் இருப்பதால் நீளக் கைப்பிடி இடுக்கி வாங்கு. ஆறு மாதமாக நகர்த்திக் கொண்டிருந்த அடுப்பு, மறுபடி இணைப்பில் சோப்பு தடவிப் பார். தலைக்கு மேல் கூரை இருக்கக் கூடாது, அரைக் கூரைகூட. மழை வந்தால் அன்றைக்கு அடுப்பே வேண்டாம், ரொட்டி தின்னு. சிலிண்டரும் ஷெட்டுக்குள் போகக் கூடாது.

அவள் கேட்டுக்கொண்டபடி நான் எதையும் மாற்றப் பார்க்கப்போவதில்லை. அவளுக்கு நன்றி என்று மட்டும் எழுதினேன்.

இந்த முழங்காலோடு என்னால் அவ்வளவு தூரம் வர முடியாது. வருகிறேன் என்று பொய் சொல்லவும் இனிமேல் முடியாது. நீ ஒன்று செய். எல்லோரும் பார்க்க வெளியே உட்கார்ந்து, தனியாகத்தான் சாப்பிட்டேன் என்று எனக்கு எழுது. அந்த ஒரு வரி வந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் அக்கா

டிசம்பர் 13

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று நாள். இன்றுதான் மழை விட்டது, ஞாயிறாகவும் அமைந்தது. கை பரவாயில்லை. முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

அடுப்பைப் புல்வெளிக்கு நடுவே தள்ளினேன். சோப்பு தடவியதில் எங்கும் முட்டை விடவில்லை. ஓரத்து பர்னர் முதல் தடவையிலேயே பற்றியது. ஒரு துண்டு கோழி, பாதி வெங்காயம்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே வந்து நின்றார். என்னை வெளியே இழுத்துப் போட்ட மனிதர். அவருக்கு நன்றி சொல்லக்கூட நான் இதுவரை எதிரே போகவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "யாராவது வர்றாங்களா?" என்றார்.

"யாரும் வரலைங்க. எப்பவுமே யாரும் வந்ததில்ல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நல்லா வாசனையா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நானும் அவரைக் கூப்பிடவில்லை, அவ்வளவு தைரியம் இன்னும் வரவில்லை.

வெளியே உட்கார்ந்து, தனியாகத்தான் சாப்பிட்டேன், அக்கா. ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டேன்.

உன் தம்பி